மீண்டும் கடலுக்கு: புத்தளக் கரையோரத்திற் கூர்ப்பின் சான்றுகள்

கூர்ப்புக் கொள்கையைத் தமிழில் விளக்கப் புகுவோர் பெரும்பாலும் கலாபகசுத் தீவுகளிலிருந்தே தொடங்குவர். டார்வின் 1835இல் அங்கே தங்கியது ஐந்து வாரங்கள் மட்டுமே. ஆயினும் அத்தீவுகளின் குருவிகளும் ஆமைகளும் உலகின் பாடநூல்கள் அனைத்திலும் இடம்பிடித்துக் கொண்டன. எமது மாணவரும் தாம் ஒருபோதும் கண்டிராத குருவியின் அலகை வரைந்து புள்ளி பெறுகின்றனர். இதிற் குற்றமொன்றும் இல்லை. எனினும், கூர்ப்பு என்பது எங்கோ பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நிகழ்ந்த ஒரு விந்தை என்ற எண்ணம் இதனால் வேரூன்றி விடுகின்றது. தப்போவக் குளத்தையும், அருவக்காட்டுச் சுண்ணக்கற் குழிகளையும், கற்பிட்டிக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் களப்பையும் ஒரே நாளிற் பார்த்துத் திரும்பக்கூடிய ஒருவருக்குக் கலாபகசு அத்துணை இன்றியமையாததன்று.

அங்கு பார்க்கவேண்டியது யாது? கூர்ப்பு என்றதும் பலரின் மனக்கண்ணில் எழுவது ஓர் ஏணி. கீழ்ப்படியில் மீன், அதன்மேல் தவளை, பின் பல்லி, குரங்கு, உச்சியில் மனிதன். உயிர்கள் யாவும் கடலிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து மனிதனுக்கும் ஏறிக்கொண்டிருப்பதாக இப்படம் உணர்த்துகின்றது. புத்தளக் கரையோரத்து உயிர்களை உற்று நோக்குவோர்க்கு இப்படம் நிலைக்காது. அங்கே கரைக்கு வந்துகொண்டிருக்கும் மீன் உண்டு; கரையை விட்டுக் கடலுக்கு மீண்ட பாலூட்டும் விலங்கு உண்டு; அவ்விலங்கு மேயும் செடியும் கரையிலிருந்து கடலுக்கு மீண்டதே.

கொள்கையின் அடிப்படையை முதலிற் சுருங்கக் கூறிவிடலாம். ஓர் இனத்தின் உயிர்கள் தம்முள் முற்றும் ஒத்தவையல்ல. அவ்வேறுபாடுகளிற் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. பிறப்பவை அனைத்தும் வாழ்ந்து இனம்பெருக்குவதில்லை. சூழலுக்குச் சிறிதேனும் கூடுதலாகப் பொருந்தியவை கூடுதலான சந்ததியை விட்டுச் செல்கின்றன. தலைமுறை தோறும் இது நிகழ, குடித்தொகையின் இயல்பே மாறிவிடுகின்றது. 1859இல் டார்வின் விரித்துரைத்த இயற்கைத் தேர்வு இதுதான். வேறுபாடு எங்ஙனம் கடத்தப்படுகின்றது என்பதை அவர் அறிந்திலர். 1866இல் மெண்டல் வெளியிட்ட விடை 1900 வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. பரம்பரையலகின் இரசாயன அமைப்பு 1953இலேயே தெளிவாயிற்று. டார்வினுடைய மற்றைய கூற்று, உயிர்கள் யாவும் பொது மூதாதையரிலிருந்து கிளைத்தவை என்பது. அக்கூற்றைச் சோதிக்க இக்கரையோரம் மிக வாய்ப்பான இடம்.

பாறைகளிலிருந்து தொடங்குவோம். இப்பகுதியின் அடித்தளம் முற்கேம்பிரியன் காலத்துப் பாறை. பூமியில் உயிர் தோன்றி ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளேனும் ஆகின்றன; அதிற் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் காலமே. எமது அடித்தளப் பாறைகளோ ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. எவ்வுயிரின் சுவட்டையும் அவற்றில் எதிர்பார்த்தல் இயலாது. அதற்கு மேலே, புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியிற் சில மைல் தொலைவிலுள்ள தப்போவவில், ஒரு சிறிய படிவுப் பாறைத்தொகுதி அடித்தளத்தின் பள்ளமொன்றில் அமிழ்ந்து தப்பிப் பிழைத்திருக்கின்றது. அது யுராசிக் காலத்தது. 14 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையது. அதன் தாவரச் சுவடுகளைச் சீவர்டும் ஹோல்ட்டமும் 1922இலும், சித்தோலே 1944இலும் விவரித்தனர். பன்னங்கள் உள்ளன, ஊசியிலை மர வகையைச் சேர்ந்தவை உள்ளன, இன்று முற்றும் அழிந்துபோன, தோற்றத்தில் மதனகாமப்பூவை ஒத்த செடிகளும் உள்ளன. பூக்குந் தாவரம் ஒன்றேனும் இல்லை. புல் இல்லை, தென்னை இல்லை, கண்டல் இல்லை. இன்று அவ்விடத்தைச் சூழ்ந்து நிற்கும் காடோ பெரும்பாலும் பூக்குந் தாவரங்களாலானது. தப்போவப் பாறையில் ஒரேயொரு நெல்லிலை கிடைக்குமாயின் கூர்ப்பியலாளர் பெருஞ் சங்கடத்துக்கு உள்ளாவர். இவ்வாறு தன்னைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்று எதுவெனத் தானே முன்கூட்டிச் சொல்லிவிடுவது இக்கொள்கையின் பலம்.

மூன்றாவது ஏடு அருவக்காட்டுச் சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் தோண்டப்பட்ட அதே சுண்ணக்கற் படிவே மேற்குக் கரையோரமாகத் தெற்கே புத்தளம் வரை தொடர்கின்றது. இப்படிவு மயோசீன் காலத்தில், ஆழங்குறைந்த வெதுவெதுப்பான கடலின் அடியில் உருவாயிற்று. இதனை விரிவாக ஆராய்ந்த வேலண்டும் மோர்லி டேவிசும் 1923இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். இதிலுள்ள போராமினிபெரா என்னும் ஒருகல உயிர்களின் ஓடுகள் கேரளத்துக் கொல்லத்துப் படிவுகளிற் கிடைப்பவற்றை ஒத்திருப்பதால் இரண்டும் சமகாலத்தவை எனக் கொள்ளப்பட்டது. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல இப்படிவுகளின் முள்ளந்தண்டு விலங்குகளை விவரித்தார். சுறாவின் பற்கள், திருக்கையின் பற்தகடுகள் என்பவற்றோடு கடற்பசு இனத்தின் எலும்புகளும் இங்கு கிடைத்துள்ளன. அக்கடற்பசுவின் பிற்கால உறவு இன்னும் அயற்கடலில் உயிரோடு உலவுகின்றது. பாறையும் உயிரும் இத்துணை அண்மையில் அமைவது அரிது.

இனிக் களப்புக்கு வருவோம். வற்றுப்பெருக்கின்போது சேற்றுமேட்டில் உழுவை மீன்களிற் சில நீரை விட்டேறித் தத்தித் திரிவதைக் காணலாம். அவை முன்செட்டைகளை ஊன்றி நடக்கின்றன. ஈரமான தோலாலும் வாயின் உட்புறத்தாலும் வளியிலுள்ள ஒட்சிசனைப் பெறுகின்றன. துருத்திய கண்களைச் சுழற்றி இரை தேடுகின்றன. இவற்றைக் கண்டு, இவையே நம் மூதாதையர் என ஒருவர் கூறின் அது பிழை. நாற்கால் விலங்குகளின் மூதாதையர் வேறொரு மீன் கிளையைச் சேர்ந்தோர். அவர்கள் கரையேறத் தொடங்கியது 37 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. 2006இல் கனடாவின் வடகோடியிலிருந்து விவரிக்கப்பட்ட திக்தாலிக் என்னும் சுவடு அக்கிளையினது. உழுவை அதே சிக்கலுக்குத் தன் வழியில், மிகப் பின்னர், தனியாக ஒரு தீர்வு கண்ட மீன். அதன் வருகை மனிதனை நோக்கியதன்று. அது சேற்றில் நன்றாகவே வாழ்கின்றது.

சேற்றில் நிற்கும் கண்டல்களும் அத்தகையனவே. தாய்மரத்திலேயே விதை முளைத்து, நீண்ட காய்போற் தொங்கி, பின் விழுந்து சேற்றிற் குத்தி நிற்பதும், வேர்கள் வளியை நாடி மேலெழுவதும் கண்டல்களுக்கே உரிய இயல்புகளெனக் கருதுகிறோம். ஆனால் கண்டல் என்பது ஒரு குடும்பத்தின் பெயரன்று. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல தாவரக் குடும்பங்கள் தனித்தனியே உவர்ச்சேற்றுக்கு வந்து, ஒத்த இடர்களுக்கு ஒத்த விடைகளைக் கண்டுள்ளன. விடைகள் சிலவேளை வேறுபடுவதுமுண்டு: வெண்கண்டல் தான் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியேற்றுகின்றது, பெருங்கண்டலோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகின்றது.

அதற்கு அப்பால், நீருக்கடியிற் கடற்புல் வெளி. வடபுலத்தார் கரையொதுங்கிய இதனைச் சாதாழை என்பர். பலர் இதனைப் பாசியெனக் கருதினும் இது வேரும் தண்டும் பூவும் உடைய பூக்குந் தாவரம். பெயர் புல்லாயினும் புற்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இதன் உறவு சேம்பின் வழிப்பட்டது. தப்போவ யுராசிக் காட்டில் இல்லாத பூக்குந் தாவரம் பிற்காலத்தில் நிலமெங்கும் பரவியபின், அதன் கிளைகளிற் சில, குறைந்தது மூன்று தனித்த முறைகளில், கடலுக்கு இறங்கின. இவற்றுள் நீண்ட நாடா போன்ற இலையுடைய ஓரினம் இன்றும் தன் மகரந்தச் சேர்க்கைக்கு நீர்ப்பரப்பையே நம்பியிருக்கின்றது. அதன் ஆண்பூக்கள் காம்பறுந்து குமிழிபோல் மேலெழுந்து மிதந்து பெண்பூவைச் சேர்கின்றன. வேறொரு கடற்புல்லின் பரம்பரையலகுகள் முழுவதும் 2016இல் வாசிக்கப்பட்டபோது, இலைவாய்களை ஆக்கும் அலகுகள் அதில் அற்றுப்போனமை தெரியவந்தது. வளியில் வாழ்ந்த காலத்தில் இன்றியமையாததாயிருந்த உறுப்பு நீருக்குள் வேண்டப்படவில்லை.

இக்கடற்புல்லை மேயவே கடற்பசு வருகின்றது. கற்பிட்டி மீனவர் இதனைக் கடற்பன்றி என்பர். மன்னார் வளைகுடாவின் அக்கரையில் ஆவுளியா என்றும் வழங்குவர். இது பசுவுமன்று, பன்றியுமன்று. உயிருடன் இருக்கும் நில விலங்குகளுள் இதற்கு மிக அண்மிய உறவினர் யானையும், முயலளவேயான ஹைரக்ஸ் என்னும் ஆபிரிக்க விலங்கும் ஆகும். பெண் கடற்பசுவின் முலைகள் யானையினுடையவை போன்று முன்னவயவங்களின் அடியில் மார்பில் அமைந்துள்ளன. வளர்ந்த ஆணின் வெட்டும்பற்கள் சிறு தந்தங்களாக நீள்கின்றன. யானையின் தந்தமும் வெட்டும்பல்லே. உடலமைப்பை வைத்து ஊகிக்கப்பட்ட இவ்வுறவைப் பரம்பரையலகு ஆய்வுகள் பின்னர் உறுதிசெய்தன. யானையிலிருந்து கடற்பசு பிறந்தது என்பது இதன் பொருளன்று. இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. மனிதன் குரங்கிலிருந்து வந்தானாயின் குரங்கு இன்னும் இருப்பதேன் என வினவுவோர் யானையும் கடற்பசுவும் ஒருங்கே இருப்பதை எண்ணிப் பார்ப்பாராக.

கடற்பசுவின் உடல் அதன் வரலாற்றை வெளிப்படையாகவே காட்டுகின்றது. துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மேற்கையெலும்பும் முன்கையெலும்புகளும் ஐவிரல் எலும்புகளும் உள்ளன. பின்கால்கள் இல்லை; எனினும் தசைக்குள், முள்ளந்தண்டோடு வலுவாகப் பொருந்தாத இடுப்பெலும்பின் எச்சம் இருக்கின்றது. மீன் தன் வாலைப் பக்கவாட்டில் வீசி நீந்த, கடற்பசு மேலுங்கீழுமாக அசைத்து நீந்துகின்றது. பாய்ந்தோடும் நிலவிலங்கின் முதுகு வளையும் திசையும் அதுவே. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக மேலே வரவும் வேண்டும். நீருக்கெனவே ஒருவர் திட்டமிட்டு அமைத்த உடலாயின் இத்துணை இடர்ப்பாடு எதற்கு?

ஜமேக்காவில் கிடைத்து 2001இல் டொம்னிங் விவரித்த பெசோசைரன் என்னும் சுவடு இதற்கு இடைக்காலச் சான்று. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைமையான அவ்விலங்குக்கு உடலைத் தாங்கக்கூடிய நான்கு கால்கள் இருந்தன. ஆயினும் அதன் விலாவெலும்புகள் கடற்பசுவினுடையவை போன்று தடித்துக் கனத்தவை. எமக்கு இன்னும் அண்மையில், குஜராத்தின் கச்சுப் பகுதியில் மயோசீன் படிவுகளிலிருந்து எடுக்கப்பட்ட கடற்பசுவுக்குப் பாஜ்பாயும் டொம்னிங்கும் 1997இற் பாரதிசைரன் எனப் பெயரிட்டனர். இங்கே ஒரு பிழையைத் திருத்தல் வேண்டும். கடற்பசு காலைப் பயன்படுத்தாது விட்டதாற் கால் தேய்ந்தது என்று எழுதும் பாடக்குறிப்புகளை இன்றுங் காணலாம். ஒரு விலங்கு தன் வாழ்நாளிற் பயன்படுத்தாத உறுப்பு அதன் குட்டிக்குச் சிறுத்து வருவதில்லை. நிகழ்ந்தது வேறு. நீரடிச் செடிகளை மேய்ந்த கூட்டத்தில், கனத்த எலும்புடையவை எளிதில் அமிழ்ந்து கூடுதலாக உண்டன. குறுகிய பின்கால் உடையவற்றுக்கு நீரின் தடை குறைந்தது. நிலத்தில் ஊனமாகியிருக்கக்கூடிய விகாரம் நீரில் ஊனமாகவில்லை. அத்தகையவை கூடுதலான குட்டிகளை விட்டுச் சென்றன. எவ்விலங்கும் கடலுக்குப் போக முடிவெடுக்கவில்லை.

கற்பிட்டிக்கு வெளியே ஆழ்கடலில் திரள்திரளாகத் துள்ளும் ஓங்கில்களும், அவற்றினும் அப்பால் வரும் திமிங்கிலங்களும் இதே பயணத்தை வேறு தொடக்கத்திலிருந்து செய்தவை. அவற்றின் நிலக்கால மூதாதையரைப் புத்தளத்திற் தேடிப் பயனில்லை. இமயம் எழுமுன் இந்தியாவின் வடவெல்லையில் இருந்த கடலின் கரையிலேயே தேடவேண்டும். காஷ்மீரத்துக் காலாகோட்டிற் சுவடுகளைத் திரட்டிய இந்தியப் புவிச்சரிதவியலாளர் ஏ. ரங்கராவ் 1971இல் இந்தோஹையஸ் என்னும் சிறு குளம்பு விலங்கை விவரித்தார். அவர் சேர்த்த கற்கள் பல உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்தபின் அவை தெவிசனின் ஆய்வுகூடத்தை அடைந்தன. அங்கு மண்டையோடு ஒன்றைத் துப்புரவு செய்கையிற் தற்செயலாகச் செவியெலும்பு உடைந்தது. அதன் உட்சுவர், திமிங்கில இனத்துக்கே உரியதெனக் கருதப்பட்டவாறு தடித்திருந்தது. தெவிசனும் பாஜ்பாய் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் 2007இல் இதனை வெளியிட்டனர். இவ்வாறு நோக்கின் ஓங்கிலே மாட்டுக்கும் நீர்யானைக்கும் உறவாகின்றது. கடற்பசு என்னும் பெயர் உறவுமுறையின்படி ஓங்கிலுக்கே பொருந்தியிருக்கும்!

யானை வழியினதும் குளம்பு விலங்கு வழியினதும் உடல்கள் கடலில் ஒரே வடிவை ஏன் பெற்றன? நீரின் தடை இரண்டுக்கும் ஒன்றே. தொழிலொத்த உறுப்பு வாழ்முறையைக் காட்டும். அமைப்பொத்த உறுப்பு வமிசத்தைக் காட்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாதோர் ஓங்கிலை மீனென்றே கொள்வர். ஓங்கிலின் பரம்பரையலகுகளுக்குள் மோப்பத்துக்கான அலகுகள் பல இன்றும் உள்ளன. ஆனால் பழுதுற்றுச் செயலிழந்து கிடக்கின்றன. வளியில் மணம் நுகர்ந்த மூதாதையரின் சொத்து அது.

தமிழ் ஆராய்ச்சியாளருக்கு இவ்விடத்து ஒன்று கூறவேண்டும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுப்பதைக் காட்டி, கூர்ப்பைத் தமிழர் டார்வினுக்கு முன்பே கண்டனர் என்று எழுதுவோர் உளர். தசாவதாரத்தில் மீனும் ஆமையும் பன்றியும் முறையே வருவதைக் காட்டுவோரும் உளர். மரபியலின் வகுப்பு நுண்ணிய நோக்கின் பயன். அதன் பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஓருயிர் இன்னோருயிராக மாறியது என அது கூறவில்லை. வகைப்பாடு வேறு, வமிசாவழி வேறு. ஆமையோ ஏறியபின் மீண்டும் கடலுக்கு இறங்கி, முட்டையிட மட்டும் கரைக்கு வருகின்றது. 'கடற்பன்றி' அதற்கும் வருவதில்லை. அவதார வரிசை புத்தளக் கரையில் இவ்வாறு தலைகீழாகிவிடுகின்றது.

ஏணிப் படத்தை வெறும் கற்பித்தற் குறைபாடாகக் கருதவும் இயலாது. 1881-82இல் இலங்கைக்கு வந்து வெலிகமவிற் கடலுயிர்களை ஆராய்ந்த ஜெர்மானியப் பேரறிஞர் ஹெக்கல் தம் கூர்ப்பு மரத்தின் உச்சியில் மனிதனை வைத்தார். மனிதருள்ளும் இனங்களைப் படிவரிசைப்படுத்தி ஐரோப்பியரை மேலே இருத்தினார். உயர்வு தாழ்வு கற்பிக்க விரும்பும் எச்சமூகத்துக்கும் அவ்வேணி உதவும். எமது சமூகம் அதற்கு விலக்கன்று. கடற்பசு யானையிலும் தாழ்ந்ததா உயர்ந்ததா என்ற வினாவுக்கு உயிரியலில் விடையில்லை. அவ்வினாவே அங்கு எழுவதில்லை.

இச்சான்றுகளின் இன்றைய நிலை கவலைக்குரியது. அருவக்காட்டுச் சுண்ணக்கல் 1970களிலிருந்து பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகப் பெருமளவில் அகழப்பட்டு வருகின்றது. அகழ்வு பல சுவடுப் படைகளை வெளிக்காட்டியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் எடுத்து எழுதிவைக்க எவரும் அருகில் இல்லாத நாளில் வெளிப்படும் எலும்பு சீமெந்தாகிவிடும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியானபின், கொழும்பின் குப்பையை இப்பகுதிக்குக் கொண்டுவந்து நிரப்பும் திட்டம் வேகம் பெற்றது; புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றும் 2019இல் அது தொடங்கிற்று. கண்டற் காடுகளிற் பெரும்பகுதி 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்டது, 1996இல் வெண்புள்ளி வைரசு பரவியபோது அப்பண்ணைகளிற் பல கைவிடப்பட்டன, கண்டல் திரும்பவில்லை.

கடற்பசுவைச் சட்டம் காக்கின்றது, வலை அறியாது. அதன் கருக்காலம் ஓராண்டுக்கு மேல். ஒரு முறைக்கு ஒரு குட்டியே. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். எதிரிகள் குறைந்த கடலில் இவ்வாறு மெதுவாகப் பெருகுவது பொருந்திய வழியாக இருந்தது. நைலோன் வலையும் வெடியும் வந்த கடலில் ஆண்டுக்குச் சில இறப்புகளையும் அது தாங்காது. இயற்கைத் தேர்வுக்கு வேண்டிய காலம் தலைமுறைகளால் அளக்கப்படுவது. அதனிடம் அது இல்லை. தமிழ்நாடு அரசு 2022இற் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர்ப் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு கடல் எல்லைக்கோட்டை அறியாதாகையால் இக்கரையிலும் அதற்கு இணையானதொன்று வேண்டும்.

இறந்து கரையொதுங்கும் கடற்பசுவை இறைச்சிக்காகக் கூறிடாமலும் புதைத்துவிடாமலும் அதன் இடுப்பெலும்பு எச்சத்தையேனும் பல்கலைக்கழக விலங்கியற் துறைகள் பெற்றுப் பேணுதல் நன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வடிவில் வேறுபடும், வயதோடும் மாறும். நடப்பதற்குப் பயன்படாத அவ்வெலும்பிற் பாலுறுப்புகளின் தசைகள் இன்றும் பற்றியுள்ளன. அருவக்காட்டுக் குழியிலிருந்து எடுத்த மயோசீன் விலாவெலும்பு ஒன்றையும் அதனையும் ஒரே மேசையில் வைத்து முதலாண்டு மாணவருக்குக் காட்டலாம்.